காது கேட்காத பூனையிடம் பேசுகிறவன்

என் மகனுக்கு மூன்று வயது முடியும்வரை பேச்சு வராததற்கு நான்தான் காரணமா?

டாக்டர் இல்லை என்றார். என் கணவரும் இல்லை என்கிறார். அவருடைய அக்கா, பூனைதான் காரணம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இந்த மூவர் சொன்னதையும் மாற்றி மாற்றி நம்பிப் பார்த்துவிட்டேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை.

சின்னமனூரில் ஒரு பழைய வீட்டின் மச்சில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர்கள், மேலே நாங்கள். மச்சின் தரை முழுவதும் பலகை. யார் எங்கே நடந்தாலும் பலகை அதிரும். கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும். என் கணவருக்குக் கேரளப் பக்கம், வண்டன்மேட்டுக்கு அருகே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. காய் உலர்த்தும் சூளையைக் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. சனிக்கிழமை மாலை வந்து, திங்கட்கிழமை விடிவதற்குள் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் பையனும் பூனையும்தான்.

பூனை நாங்கள் கொண்டுவந்ததல்ல. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. வீடு மாறும்போது பழைய துடைப்பத்தையும் பூனையையும் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாய் ஆளுக்குப் பழகும், பூனை வீட்டுக்குப் பழகும் என்பார்கள். நாங்கள் பால் காய்ச்சிக் குடிவந்த அன்று அது அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்து, வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டதே தான்தான் என்பதுபோல் பார்த்தது. சாம்பல் நிறம், வாலில் மட்டும் கறுப்பு வளையங்கள். வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. "என் மகளுக்குக் காது குத்துனப்ப இது குட்டி. பந்தல்ல ஏறி மாவிலையைப் பூரா பிச்சுப் போட்டுச்சு" என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

திருமணத்துக்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை உண்டானதும் வேலையை விட்டேன். நாள் முழுவதும் நாற்பது பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருந்தவளுக்குப் பேச ஆளில்லாமல் போனது. அதனால் பூனையிடம் பேசினேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று அதைத்தான் கேட்பேன். கரண்ட் போனால் அதனிடம்தான் குறைப்படுவேன். அதுவும் சும்மா இருக்காது. நான் ஒரு வார்த்தை சொன்னால் திரும்ப ஒரு குரல் கொடுக்கும். வயிற்றில் பிள்ளை அசைந்ததைக் கணவருக்குச் சொல்வதற்கு முன்பே அதற்குச் சொல்லியாகிவிட்டது. அவர் வர அப்போது இன்னும் மூன்று நாள் இருந்தது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், ஐந்தாம் மாதம் பிள்ளையோடு திரும்பினேன். இடையில் வீட்டுக்காரம்மாதான் பூனைக்குச் சோறு வைத்தார். நான் படியேறி வந்தபோது அது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை பெற்று வந்தவளுக்கு எதிலும் கோபம்தான் தெரியும்.

உண்மை தெரிந்தது மீன்காரரால். வைகை அணை மீனை டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து விற்பவர். தெருமுனையில் அவர் ஹாரன் கேட்டதுமே பூனை படியிறங்கி வாசலில் நிற்கும். செதிலும் குடலும் அதற்கு உண்டு. அன்று அவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கீழே நின்று சத்தம் போட்டார்.

"என்னத்தா, மேல இருக்க ஆளு இறங்கக் காணோம்? குச்சனூர் சனீஸ்வரனுக்கு நேந்துக்கிருச்சா? சனிக்கிழமை விரதமோ?"

"விரதமெல்லாம் இல்லண்ணே. தூங்குது."

"மீனு வந்தும் தூங்குற பூனைய நான் இப்பத்தான் பாக்குறேன். மூக்குல கைய வச்சுப் பாரு, உசுரு இருக்கான்னு."

சிரித்துக்கொண்டே போய் அதன் காதருகில் தட்டையும் கரண்டியையும் தட்டினேன். வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காது மடல்கூட அசையவில்லை. என் கையிலிருந்து தட்டு நழுவிப் பலகையில் விழுந்தபோதுதான் துள்ளி எழுந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. நான் எப்போது அங்கே வந்தேன் என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துத் தூக்கிப்போனேன். சினை மாடுகளுக்கும் கழிச்சல் கண்ட ஆடுகளுக்கும் பின்னால் நின்றோம். டாக்டர் அதன் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "புண்ணு, சீழு எதுவும் இல்லம்மா. வயசு. மனுசனுக்குப் போற மாதிரித்தான்" என்றார்.

அதன்பின் அதோடு வாழும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாலிருந்து தொடக் கூடாது; தொட்டால் பதறிப் பிறாண்டிவிடும். தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் பக்கத்தில் உள்ளங்கையைப் பலகையில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். கண்ணுக்கு நான் தெரியாவிட்டால் பெருங்குரலெடுத்துக் கத்தும். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு கத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. அதனால் நான் அடுப்படியில் நின்றாலும் அதன் கண்ணில் படுகிற மாதிரி நிற்பேன். கூப்பிடக் காலால் தரையைத் தட்டுவேன். ஒரு தட்டுத் தட்டினால் எந்த மூலையில் இருந்தாலும் பலகை வழியாக அதற்குப் போய்ச் சேரும். தலையைத் தூக்கி என்னைத் தேடும். கையைக் காட்டினால் வரும்.

வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கேட்பார். "ஏத்தா, மேல நெல்லு குத்துறியா?"

"பூனையக் கூப்புடுறேன்க்கா."

"நல்லாக் கூப்பிட்ட போ. எங்க வீட்டு உத்தரத்துல இருக்க கரையானெல்லாம் வந்து நிக்குது."

இதெல்லாம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வயதான பிராணியைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நினைப்பு. அப்போது நான் கவனிக்காதது ஒன்று உண்டு. காது கேட்காது என்று தெரிந்ததும் அதனிடம் பேசுவதை விட்டுவிட்டேன். எந்த நாளில் விட்டேன் என்று தெரியவில்லை. கேட்காத ஒன்றிடம் பேசுவது அசட்டுத்தனம் என்று முடிவெடுத்தெல்லாம் விடவில்லை. பேச்சு தானாகக் குறைந்து, நின்றுவிட்டது. கைக்குழந்தை தூங்கினால் சத்தம் போடாதே என்று ஊரே சொல்லியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அமைதியாக வைத்திருப்பது நல்ல தாயின் வேலை என்றும் நினைத்திருக்கலாம்.

பையன் ஒரு வயதுக்கு முன்பே நடந்துவிட்டான். ஒருநாள் அவன் என் முன்னால் வந்து நின்று வலது காலால் பலகையைத் தட்டினான். நான் பார்த்ததும் தண்ணீர்ப் பானையைக் கையால் காட்டினான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சனிக்கிழமை வந்த கணவரிடம் செய்துகாட்டச் சொன்னேன். அவரும் தூக்கிக் கொஞ்சினார். எவ்வளவு கெட்டிக்காரன் என்று இருவரும் சேர்ந்து சந்தோஷப்பட்டோம்.

இரண்டு வயதாகியும் அவன் தட்டிக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குப் பின் பிறந்த எதிர்வீட்டுப் பெண்குழந்தை தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்தது. இவன் வாய் திறப்பது அழுவதற்கு மட்டும். கீழே குழாயடியில் ஒருநாள் வீட்டுக்காரம்மா, விளையாட்டாகத்தான், இப்படிச் சொன்னார்:

"அப்பன் மலையாளத்துல கெடக்கான். ஆத்தா வாயத் தொறக்க மாட்டா. பூனைக்குக் காது கேக்காது. அந்தப் பிள்ளை யாருகிட்டத்தான் பேச்சுப் படிக்கும், நீங்களே சொல்லுங்க."

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அதுவரை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காத மூன்று விஷயங்களை அவர் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டிருந்தார்.

அடுத்த வாரம் என் கணவரின் அக்கா வருசநாட்டிலிருந்து வந்தார். அவருக்கு அங்கே மலையடிவாரத்தில் தோட்டம் இருக்கிறது. வந்த கையோடு வசம்பைச் சுட்டுத் தேனில் உரசிப் பையனின் நாக்கில் தடவினார். அவன் துப்பிவிட்டு, அவர் முன்னால் காலைத் தட்டினான்.

"பாத்தியா இவளே, பூனைக்குச் செய்யுறத அப்படியே செய்யுறான். செவிட்டுப் பூனையோட சேந்து வளர்ற பிள்ளைக்கு வாய் எப்படி வரும்? நான் போறப்ப இதக் கூடையில போட்டுக் கொண்டுபோயிர்றேன். எங்க மோட்டார் ரூம்ல கெடக்கட்டும்."

"அங்கன நாயி இருக்கே மதினி. இதுக்கு நாய் வர்றது கேக்காதே."

"பூனை பெருசா, பிள்ளை பெருசா?"

அந்தக் கேள்விக்கு ஒரு தாய் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். நான் அதைச் சொல்லவில்லை. முதலில் தேனிக்குப் போய்ப் பையனின் காதைப் பார்த்துவிட்டு வருகிறோம், அதுவரை பூனை இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவனுக்கும் கேட்கவில்லையோ என்ற பயம் எனக்கு வெகுநாளாகவே இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

"சரி, ஆடி முடியட்டும். அப்புறம் நான் கேக்க மாட்டேன், எடுத்துட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிக் காற்று மண்ணை அள்ளிப் பேருந்துக்குள் வீசிக்கொண்டிருந்த ஒரு நாளில் தேனிக்குப் போனோம். கணவர் விடுப்பு எடுத்து வந்திருந்தார். பஞ்சு ஒட்டிய சுவர்களோடு ஒரு சின்ன அறை. பையனை என் மடியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து ஒரு பெண் கிலுகிலுப்பையை ஆட்டினார். அவன் திரும்பவில்லை. மணியை அடித்தார். திரும்பவில்லை. பிறகு அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, மிக மெதுவாகக் காகிதத்தைப் பிரித்தார். பையன் உடனே திரும்பினான்.

"இவரு கேட்டதுக்கெல்லாம் திரும்புற ஆள் இல்லக்கா. வேணுங்கிறதுக்குத்தான் திரும்புவாரு" என்று அந்தப் பெண் சிரித்தார். கருவி வைத்தும் சோதித்துவிட்டு, காதில் குறையில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்டுல அவன்கூட யாரும்மா பேசுவா?"

"நான்தான் சார்."

"நெறையப் பேசுவீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் பூனையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வினோதமாக இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், அதற்குத் தாயைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனாலும் காதில் பேச்சு விழுந்துகொண்டே இருக்கட்டும் என்றார். "ஆனாலும்" என்ற அந்தச் சொல்லைத்தான் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே பேசத் தொடங்கினேன். வரவில்லை. வாயைத் திறந்தால் வகுப்பறைக் குரல்தான் வந்தது. "இது என்ன? பசு. எங்கே சொல்லு, பசு." அவன் என் வாயையே பார்ப்பான், உதடுகளை இறுக்கி மூடிக்கொள்வான். பதில் சொல்லாத பிள்ளையிடம் நான்கு வாக்கியத்துக்கு மேல் பேச எனக்குத் தெரியவில்லை. நன்றாகப் பேசும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியையாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பகலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பூனை எதிரே வந்து உட்கார்ந்தது. பழைய பழக்கத்தில், "இன்னிக்கும் அவரைக்காய்தான், என்ன செய்ய? சந்தையில வேற எதையும் தொட முடியல" என்றேன். குரல் இயல்பாக வந்தது. பையன் விளையாட்டை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. பூனையைப் பார்த்தே பேசிக்கொண்டு போனேன். சந்தையில் பார்த்தது, மழை மேகமலையோடு நின்றுவிட்டது, வீட்டுக்காரர் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் சொன்னேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. பூனைக்கு ஒரு சொல்லும் கேட்காது. கேட்க வேண்டியவன் பக்கத்தில் இருந்தான். பூனை என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கும். சில சமயம் பழையபடி ஒரு குரல் கொடுக்கும். எதைக் கேட்டுக் கொடுக்கிறது என்று எனக்குப் புரியாது.

"செவிட்டுப் பூனைக்குக் கதை சொல்ற மகராசி" என்று கீழே எனக்குப் பெயர் வந்தது. ஆடி முடிந்தது. மதினி போன் செய்தார். என் கணவர் என்னிடம், "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?" என்று கேட்டார். தை வரைக்கும் பொறுங்கள், அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் நானே கூடையில் வைத்துக் கொடுக்கிறேன் என்றேன். அந்த வார்த்தையை நான் உண்மையாகத்தான் சொன்னேன். பூனை அப்போது என் கால்மாட்டில் படுத்திருந்தது. என்ன சொன்னேன் என்று அதற்குத் தெரியாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே வேதனையாகவும் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை நேரம். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளறையில் யாரோ பேசுவது கேட்டது. கீழ்வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது போல என்று எட்டிப் பார்த்தேன். என் மகன் பூனையின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

"மீன் இல்ல. நாளைக்கு" என்றான்.

பூனை கண்ணைச் சிமிட்டியது.

"நாளைக்கு" என்று மறுபடியும், கொஞ்சம் அழுத்திச் சொன்னான்.

நான் உள்ளே போகவில்லை. போனால் நின்றுவிடுமோ என்று பயந்து, கதவுக்குப் பின்னால் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தபோதும் நகரவில்லை.

தையில் மதினி கூடையோடு வந்தார். பையன் அவரைப் பார்த்ததும் உள்ளறைக்கு ஓடிவிட்டான். நான் மதினியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கதவோரம் நிறுத்தினேன். உள்ளே அவன் பூனையிடம், "அத்தை வந்துச்சு. பை வச்சுருக்கு. பெரிய பை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது பை இல்லடா, கூடை" என்று முணுமுணுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூடையில் கொண்டுவந்திருந்த கொய்யாக்காயை எல்லாம் எடுத்து வைத்தார். போகும்போது மட்டும் படியில் நின்று திரும்பினார்.

"பூனை இருக்கட்டும்த்தா. ஆனா அதுக்கு இன்னும் எத்தன நாளு? அத யோசிச்சியா?"

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது பையனுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. நன்றாகவே பேசுகிறான், ஆனால் பூனையிடம் மட்டும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் பூனையை இழுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதனிடம் சொல்கிறான். "அம்மா தோசை தருவா" என்று அதற்குச் சொன்னால் நான் தோசை ஊற்ற வேண்டும். அப்பாவிடம் போனிலும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கக் கேட்டுப் போனபோது, பெயர் கேட்ட டீச்சர் முன்னால் தரையைத் தட்டிவிட்டு நின்றான். சிமெண்டுத் தரை, சத்தம்கூட வரவில்லை. ஜூனில் அழைத்து வாருங்கள், பழகினால் சரியாகும் என்றார்கள்.

பூனைக்கு இப்போது தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. முதுகைத் தடவினால் எலும்பு மணிமணியாகத் தட்டுப்படுகிறது. சிறுநீரகம் போய்விட்டது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குக் காது கேட்காது என்பது என் மகனுக்குத் தெரியாது. செவிட்டுப் பூனை என்று பெரியவர்கள் சொல்வதும் அவனுக்கு ஒரு பெயர்தான். பூனை என்றால் தரையைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும், முகத்தைப் பிடித்துத்தான் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறான். கீழ்வீட்டில் புதிதாக வந்த பூனைக்குட்டியின் முன்னால் ஓங்கித் தட்டினான். அது அலறிக்கொண்டு ஓடியதும் அவன் முகம் சுண்டிவிட்டது. போன வாரம், "இது ஏன் பேச மாட்டேங்குது? என் மேல கோவமா?" என்று பூனையின் முகத்தைப் பார்த்தபடியே கேட்டான். அந்தக் கேள்வி எனக்குத்தான் என்று தெரிந்தது. "உடம்பு சரியில்லப்பா" என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை.

எட்டாம் வகுப்புக்குக் காதின் அமைப்பைப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். இந்த ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு நாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதற்குப் போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடியும் வாயை மூடிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், பதில் பேசாமல் கோபித்துக்கொண்டே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வானோ என்றும் பயமாக இருக்கிறது. கணவர், அது போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். மதினி, எதுவுமே சொல்லாதே, பிள்ளைகள் மறந்துவிடும் என்கிறார். நான் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமுமாக இருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் தாமதமாகப் பேசிய பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சிறு வயதில் இப்படி ஏதோ ஒரு பிராணியிடம் மட்டும் பேசி வளர்ந்தவர்களும் இருக்கலாம். உங்களைத்தான் கேட்கிறேன். அதற்குக் கேட்காது என்பதை அவனிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொல்வதென்றால் எந்த வார்த்தைகளில் சொல்வது? பூனை இன்னும் கண் திறந்து அவனைப் பார்க்கிறது. அது கண் மூடுவதற்குள் சொல்வதுதான் நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து தாமதிக்காமல் எழுதுங்கள்.